யாதவகிரியின் எந்திரமும் நெடுநேரப் பந்தயமும்

மலிவான பழைய வண்டி ஒன்றை நெடுநேரப் பந்தயத்தில் இறக்கினால் அது தாங்குமா? மோட்டார் பந்தயம் தோன்றிய நாளிலிருந்தே கேட்கப்படும் கேள்வி இது. இந்தியச் சூழலில் இதற்கு விடை தேட விரும்புவோர் மைசூரின் யாதவகிரிப் பகுதிக்குச் செல்லவேண்டும். 1961 முதல் 1996 வரை ஐடியல் ஜாவா நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள்கள் அங்குதான் உருவாயின.

அந்நிறுவனத்தின் தோற்றம் ஓர் இறக்குமதித் தடையோடு பிணைந்தது. பம்பாயில் செக்கோஸ்லோவாகிய ஜாவா வண்டிகளைத் தருவித்து விற்றுவந்த இரானி குடும்பத்தினர், முழு வண்டிகளை இறக்குமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியதும் உள்நாட்டிலேயே அவற்றைத் தயாரிக்க முன்வந்தனர். ருஸ்தம் இரானி, பரோக் இரானி ஆகியோரின் முயற்சிக்கு மைசூர் அரச குடும்பத்தின் ஆதரவு கிடைத்தது. முன்னாள் மன்னரும் அன்றைய மைசூர் மாநில ஆளுநருமான ஜெயசாமராஜேந்திர உடையார் 1961இல் ஆலையைத் திறந்துவைத்தார். எழுபதுகளில் செக் உரிம ஒப்பந்தம் முடிந்தபின் வண்டியின் பெயர் யெஸ்டி என மாறியது. எந்திரத்தின் உள்ளமைப்பு பெரிதாக மாறவில்லை. பழைமை என்று பிற்காலத்தில் இகழப்பட்ட அதே தன்மைதான் அதன் ஆயுளுக்கும் காரணமாயிற்று.

அந்த எந்திரத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். ஒற்றை உருளை, ஆனால் இரண்டு புகைக்குழாய்கள். உதைத்து இயக்கும் நெம்புகோலே கியர் மாற்றும் நெம்புகோலாகவும் பயன்படும். கியரை அழுத்தும்போது கிளட்ச் தானே விலகும். செயின் முழுவதும் உறைக்குள் அடங்கியிருப்பதால் செம்மண் தூசி அதை எளிதில் அணுகுவதில்லை. உருளையின் விட்டம் 65 மி.மீ., பிஸ்டனின் வீச்சு 75 மி.மீ.; கொள்ளளவு 250 சி.சி.க்குச் சற்றுக் குறைவு. தொடக்கக்கால ஜாவா நிமிடத்துக்கு 4750 சுற்றில் வெறும் 12 குதிரைத்திறனையே தந்தது. 1978இல் வந்த ரோட்கிங் அதை 16ஆக உயர்த்தியது. வால்வு, கேம் தண்டு, ஆயில் பம்பு எதுவும் இல்லாத டூ-ஸ்ட்ரோக் அமைப்பு. அசையும் உறுப்புகள் மிகக் குறைவு. இல்லாத உறுப்பு உடைவதில்லை.

ஜாவாவின் உலகப் புகழ் ஆறு நாள் சோதனை என்ற போட்டியில் ஈட்டப்பட்டது. 1913இல் இங்கிலாந்தின் கார்லைலில் தொடங்கிய அப்போட்டியில் செக்கோஸ்லோவாகிய அணி பலமுறை கோப்பையை வென்றது. அப்போட்டியின் விதிகள் கவனத்துக்குரியவை. எந்திரத்தின் முதன்மை உறுப்புகளில் வண்ணம் பூசி அடையாளமிடுவார்கள், அவற்றை மாற்றக்கூடாது. பழுது நேர்ந்தால் ஓட்டுபவரே தம் கையால் சரிசெய்யவேண்டும். ஆறு நாட்கள் காடுமேடுகளில் ஓடிமுடிப்பது எந்திர வலிமையை மட்டும் சார்ந்ததன்று, சாலையோரத்தில் ஒருவர் தனியாகப் பிரித்துப் பூட்டக்கூடிய எளிமையையும் சார்ந்தது என்பதை அவ்விதிகள் ஒப்புக்கொண்டன. மைசூருக்கு வந்து சேர்ந்தது அந்த மரபில் பிறந்த எந்திரம்.

ஆயினும் இந்தியாவில் இந்த வண்டிகள் சந்தித்த பந்தயம் வேறு வகையானது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போரின்போது அமைக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய போட்டிகளே தென்னிந்தியப் பந்தய உலகின் மையமாக நெடுங்காலம் விளங்கின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான ஓடுதளம் உருவாகும்வரை இந்நிலை நீடித்தது. புல்லட், ராஜ்தூத், லாம்பிரெட்டா ஆகியவற்றோடு ஜாவாவும் யெஸ்டியும் அங்கே ஓடின. பந்தயத்துக்கென்று பிறந்த வண்டிகள் இறக்குமதியாக முடியாத காலம் அது. ஆகவே வீட்டு வண்டியே பந்தய வண்டியாக மாற்றப்பட்டது.

அந்த மாற்றத்தில்தான் சிக்கல். போர்ட்டை அரத்தால் ராவி உயர்த்துவது, ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவது, சைலன்சரைக் கழற்றிவிட்டு விரிகுழாய் பொருத்துவது என எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்று: சுற்றுகளைக் கூட்டிக் குதிரைத்திறனைப் பெறுவது. 4750 சுற்றில் 75 மி.மீ. வீச்சுடைய பிஸ்டன் நொடிக்குச் சராசரியாக 12 மீட்டர் வேகத்தில் மேலும் கீழும் ஓடுகிறது. அதை 6500 சுற்றுக்கு ஏற்றினால் வேகம் 16 மீட்டரைத் தாண்டுகிறது. கனெக்டிங் ராடும் கிராங்க் பேரிங்கும் தாங்கவேண்டிய இழுவிசையோ ஏறத்தாழ 1.9 மடங்காகிறது. பத்துச் சுற்றுப் பந்தயத்தில் இந்தச் செலவு கண்ணுக்குத் தெரியாது. மணிக்கணக்கில் ஓடும் பந்தயத்தில் முழுக் கணக்கும் நேர்செய்யப்பட்டுவிடும். வண்டி தாங்குமா என்ற கேள்விக்கு முதல் விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. வயது வண்டியைக் கொல்வதைவிட, அதன் இயல்புக்கு மேல் பிழியும் ஆசையே பெரும்பாலும் கொல்கிறது.

இரண்டாவது எதிரி வெப்பம். காற்றால் மட்டுமே குளிரும் டூ-ஸ்ட்ரோக் எந்திரத்துக்கு மசகெண்ணெய் பெட்ரோலோடு கலந்தே செல்கிறது. ஆக்சிலேட்டரைத் திருகினால்தான் எண்ணெய் உள்ளே போகும். மைசூரிலிருந்து பந்திப்பூர் வழியாக ஊட்டிக்கு ஏறி இறங்கியவர்கள் இதன் பொருளை நன்கறிவார்கள். கல்லட்டி இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முற்றாக மூடிக்கொண்டு கியரில் இறங்கினால் எந்திரம் சுழன்றுகொண்டே இருக்கும், எண்ணெயோ வருவதில்லை. பிஸ்டன் உருளையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ‘சீஸ் ஆகிவிட்டது’ என்பார்கள் மெக்கானிக்குகள். அடிக்கடி கிளட்சைப் பிடித்தும் சற்றே ஆக்சிலேட்டர் கொடுத்தும் இறங்குவது அந்தத் தலைமுறையின் சாலை அறிவு. அப்படியும் சீஸ் ஆனால் கெடுதி பெரிதன்று. உருளையை ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் வண்டி மீண்டும் ஓடும். பந்தயத்தில் மலிவு என்ற சொல்லுக்கு வாங்கும் விலையைக் காட்டிலும் இந்த மறுபிறப்பின் விலையே பொருத்தமான அளவுகோல்.

கார்களிலும் இதே நியாயம் செல்லுபடியாகிறது. 1965ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயம் நல்ல சான்று. 51 கார்கள் புறப்பட்டன. 14 மட்டுமே முடித்தன. ஃபோர்டு ஜிடி கார்களில் ஒன்றுகூட இலக்கை எட்டவில்லை. ஃபெராரி தொழிற்சாலை அணியின் கார்களும் வீழ்ந்தன. தனியார் அணி ஒன்று ஓட்டிய ஃபெராரியே வென்றது. முடித்த பதினான்கில் கடைசி இரு இடங்களைப் பெற்றவை ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற சிறிய, விலைகுறைந்த விளையாட்டுக் காரின் பந்தய வடிவங்கள். பதின்மூன்றாம் இடத்தில் வந்த கார் தன் பிரிவில் முதலிடமும் பெற்றது. தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தக் கார் அந்நியமானதன்று. ட்ரையம்ப் ஹெரால்டின் சட்டகத்தைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயர் உருவாக்கப்பட்டது. அதே ஹெரால்டைத்தான் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்தது. லெ மான் சென்ற ஸ்பிட்ஃபயர்கள் தொழிற்சாலையே சிறப்பாகத் தயாரித்தவை என்பதை மறைக்கக்கூடாது. அவற்றைச் சாலையில் ஓடிய ஹெரால்டோடு சமன்படுத்துவது மிகை. ஆனால் பெரிய எந்திரங்கள் தம் வேகத்தாலேயே சிதைந்த இரவில், எளிய வடிவமைப்பு விடியலைக் கண்டது என்பது வரலாறு.

2006இல் அமெரிக்காவில் இந்தக் கேள்வியே விளையாட்டாக்கப்பட்டது. லெ மான் என்ற பெயரைக் கேலிசெய்து ‘லெமன்ஸ்’ எனப் பெயரிடப்பட்ட பந்தயத்தில், காரின் விலை 500 டாலரைத் தாண்டக்கூடாது. பாதுகாப்புச் சாதனங்களுக்கான செலவு அந்த வரம்பில் சேராது. அந்த விதிவிலக்கு மிக நேர்மையானது. மலிவு வண்டியின் பந்தயம் மலிவாக நடப்பதில்லை. பிரேக், டயர், ஓட்டுபவரின் கூண்டு ஆகியவற்றில் கைவைத்துச் சிக்கனம் செய்ய முடியாது.

மைசூருக்குத் திரும்பினால், எந்திரத்தைப் பிழியாமலே திறனைப் பெற முயன்ற ஒருவரைச் சந்திக்கிறோம். சோமேந்தர் சிங் என்ற மைசூர் மெக்கானிக், பந்தயத்தில் பழகியவர். சிலிண்டர் ஹெட்டின் விளிம்பில், பிஸ்டன் மிக நெருங்கிவரும் பகுதியில், சில பள்ளங்களை வெட்டினால் எரிபொருள் கலவை நன்கு கலங்கி, தட்டல் குறைந்து, தாழ்ந்த சுற்றிலேயே எந்திரம் இழுக்கும் என்பது அவர் கருத்து. 2001இல் அமெரிக்கக் காப்புரிமை அவருக்கு வழங்கப்பட்டது. 2004இல் பாப்புலர் சயின்ஸ் இதழ் அவரைப் பற்றி விரிவாக எழுதியது. எரிபொருள் சேமிப்பு குறித்த அவர் கூற்றுகள் இன்றும் விவாதத்துக்குரியவையே. எனினும் அவருடைய திசை ஆழ்ந்து நோக்கத்தக்கது. சுற்றைக் கூட்டாமல் எரிதலைத் திருத்துவது என்பது நெடுநேரம் ஓடவேண்டிய எந்திரத்துக்கு ஏற்ற சிந்தனை. அது ஆய்வகத்தில் தோன்றாமல் ஓர் ஒர்க்‌ஷாப்பில் தோன்றியது மைசூருக்குப் பொருந்துகிறது.

வண்டிகள் தாங்கின; ஆலை தாங்கவில்லை. எண்பதுகளின் நடுவில் இந்தியாவுக்கு வந்த ஜப்பானியக் கூட்டுறவு 100 சி.சி. வண்டிகள் சந்தையின் கணக்கையே மாற்றின. லிட்டருக்கு 80 கி.மீ. என விளம்பரம் செய்த ஹீரோ ஹோண்டாவின் முன் யெஸ்டியின் பெட்ரோல் தாகம் எடுபடவில்லை. இலேசான யமஹா ஆர்.எக்ஸ். 100, வேகத்தை நாடிய இளைஞர்களைக் கவர்ந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் டூ-ஸ்ட்ரோக்குக்கு எதிராக இறுகின. 1996இல் யாதவகிரி ஆலை மூடப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கே திரண்டிருந்த தொழில்திறன் தொழிலாளர்களோடு வாயிலுக்கு வெளியே வந்தது. ஆலையின் மூடலை ஒரு வணிகத் தோல்வியாக மட்டும் எழுதிச் செல்லும் வரலாறுகள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. பிஸ்டன் இடைவெளியை விரல்நுனியால் அறியும் கைகள் ஒரு நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் இடம்பெறுவதில்லை அல்லவா!

அதன்பின் யெஸ்டியின் நெடுநேரப் பந்தயம் வேறு களத்தில் தொடர்ந்தது. புதிய உறுப்பு வராத நிலையில் ஒரு வண்டியைப் பிரித்து இன்னொன்றை வாழவைத்தார்கள். பழைய கடைகளின் இருப்பைத் தேடித் திரிந்தார்கள். சிறு பட்டறைகளில் உறுப்புகளைக் கடைந்து எடுத்தார்கள். 2018இல் ஜாவா என்ற பெயரும் 2022இல் யெஸ்டி என்ற பெயரும் புதிய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளில் மீண்டும் ஏறின. பழைய வண்டிக்காரர்களோ ஆண்டுதோறும் ஜூலை இரண்டாம் ஞாயிறன்று ஜாவா நாள் என்று கூடுகிறார்கள். அங்கு நீலப் புகைக்கு நடுவே விசாரிக்கப்படுவது வண்டியின் வேகமன்று. கிராங்க் பேரிங்கை எங்கே வாங்கினீர்கள், யாரிடம் போட்டீர்கள் என்பதுதான்.