ஆவூர் பாஸ்கா

புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை வட்டாரத்திலுள்ள ஆவூரில், பெரியநாயகி மாதா ஆலயத் திருவிழாவையொட்டி ஆண்டுதோறும் நடிக்கப்படும் இயேசுவின் பாடுகளின் நாடகம். ஈஸ்டருக்குப் பின், ஏப்ரல்–மே மாதங்களில் நடைபெறும். தொடர்ந்து தேர்பவனி.

ஆவூர், மதுரை மிஷனின் பழைய தலங்களுள் ஒன்று. 1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து தொடங்கிய பாணியில், காவி உடுத்தி, புலால் தவிர்த்து வாழ்ந்த சேசு சபைக் குருக்கள் இங்கே தங்கிப் பணிசெய்தனர். முதல் கோவிலைக் கட்டியவர் பிரான்சு நாட்டவரான பூசே பாதிரியார். அதன் ஆண்டை 1547 என்று சிலர் எழுதுவது பிழை; பூசே பிறந்ததே 1655இல்தான். இப்போதுள்ள ஆலயம் 1747ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வீரமாமுனிவரும் ஆவூரில் பணியாற்றியவர்.

பொதுவாகத் தமிழக பாஸ்கா மேடைகளில் கூட்டம் விழித்திருந்து எதிர்பார்ப்பது உயிர்ப்புக் காட்சியை. விளக்குகள் அணையும், வெடிச் சத்தம் கேட்கும், புகைக்கு நடுவே கல் விலகும், காவலர் உருண்டு விழ, வெள்ளாடையில் கொடி பிடித்தபடி இயேசு எழுந்து நிற்பார். பங்குக் கோவில்களில் ஈஸ்டர் நள்ளிரவில் வைக்கும் உயிர்த்த ஆண்டவர் சுரூபத்துக்கும் இதே கோலம்தான்.

ஆனால் இந்தக் காட்சி நான்கு நற்செய்திகளில் ஒன்றிலும் இல்லை. கல்லறையிலிருந்து இயேசு வெளியே வந்ததைப் பார்த்ததாக அவற்றில் எவரும் சொல்லவில்லை. நிலநடுக்கம், கல்லைப் புரட்டும் வானதூதர், செத்தவர்போல் ஆன காவலர் எல்லாம் மத்தேயு தருபவை; அங்கும் பெண்கள் கல்லறையிடத்தில் காண்பது அது காலியாக இருப்பதைத்தான். யோவானில் மகதலா மரியா எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணுகிறார், பெயர் சொல்லி அழைக்கும்வரை. லூக்காவில் எம்மாவு வழியில் கூடவே நடந்தவரைச் சீடர் இருவர் அப்பம் பிட்கும்போதுதான் அறிகிறார்கள். பிறகு அவர் எருசலேமில் சீடர் கண்முன் பொரித்த மீனைத் தின்கிறார். மாற்கின் முடிவு எல்லாவற்றிலும் கடுமையானது: நறுமணப் பொருளோடு வந்த பெண்கள் நடுங்கி ஓடிப்போய், பயத்தால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. 4ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகளில் மாற்கு அந்த 16:8 வசனத்தோடு நின்றுவிடுகிறது; அடுத்து வரும் வசனங்கள் பின்னால் சேர்ந்தவை என்பதே பெரும்பாலான அறிஞர் முடிவு.

இயேசு வெளிவரும் காட்சியை விவரிக்கும் பழைய ஏடு ஒன்று உண்டு. திருச்சபை ஏற்காத பேதுரு நற்செய்தி அது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தின் அக்மீமில் கிடைத்தது. வானளாவிய இருவர் மூன்றாமவரைத் தாங்கி வர, சிலுவை பின்தொடர்வதாக அதில் இருக்கிறது. நம்மூர் நாடகாசிரியர்கள் அதைப் படித்திருக்க வேண்டியதில்லை. மேடை என்றால் கண்ணுக்கு எதையாவது காட்டியே ஆக வேண்டும். அந்த நெருக்கடி பழைய கதைசொல்லிக்கும் இருந்திருக்கிறது.

காட்டுவதில் தவறில்லை. இழப்பு வேறிடத்தில். நற்செய்திகளில் முதல் சாட்சிகள் பெண்கள். அவர்கள் சொன்னதைச் சீடர்கள் வெற்றுப் பேச்சாகத் தள்ளினார்கள் என்கிறார் லூக்கா. வெடியும் புகையும் அடங்குவதற்குள் பெண்களின் அந்தப் பகுதி மேடையில் இரண்டு வரிப் பேச்சில் கடந்துவிடுகிறது. பாஸ்கா பார்க்கப் போகிறவர்கள், புறப்படுமுன் மாற்கு 16ஆம் அதிகாரத்தின் முதல் எட்டு வசனங்களை ஒருமுறை படித்துவிட்டுப் போகலாம்.