1993 கிராண்ட் நேஷனல்: செல்லாமற்போன பந்தயம்

கிராண்ட் நேஷனல் என்பது இங்கிலாந்தின் லிவர்பூல் அருகேயுள்ள எயின்ட்ரீ திடலில் ஆண்டுதோறும் நடைபெறும் தடைதாண்டும் குதிரைப் பந்தயம். மற்ற நாட்களில் பந்தயம் கட்டாதவர்களும் இதற்கு மட்டும் சில பவுண்டுகள் வைப்பது அந்நாட்டு வழக்கம். 1993 ஏப்ரல் 3 அன்று இப்பந்தயம் முழுவதுமாகச் செல்லாததாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 7.5 கோடி பவுண்டு பந்தயப் பணத்தைக் கட்டியவர்களுக்கே திருப்பித் தரவேண்டியதாயிற்று.

அன்று 39 குதிரைகள் வரிசையில் நின்றன. முதல் தொடக்கம் தவறானதால் ஜாக்கிகள் திரும்ப அழைக்கப்பட்டனர். இரண்டாம் முறை, மேலெழ வேண்டிய தொடக்க நாடா ஜாக்கி ரிச்சர்ட் டன்வுடியின் கழுத்தில் சிக்கியது. தொடக்க அதிகாரி கீத் பிரவுன் மீண்டும் தவறான தொடக்கம் என அறிவித்தார். ஆனால் பாதையில் சற்றுத் தள்ளி நின்று கொடியசைக்க வேண்டியவரின் எச்சரிக்கை ஜாக்கிகளுக்கு எட்டவில்லை. 30 குதிரைகள் ஓடிவிட்டன. வழியில் கையசைத்துத் தடுக்க முயன்றவர்களைப் போராட்டக்காரர்கள் என்றே சில ஜாக்கிகள் எண்ணினர். விலங்குரிமைப் போராட்டத்தால் அன்றைய பந்தயம் ஏற்கெனவே தாமதமாகியிருந்ததால் அந்த எண்ணம் இயல்பானதே. ஏழு குதிரைகள் முழுத் தொலைவையும் ஓடி முடித்தன.

முதலில் வந்தது ஜென்னி பிட்மன் பயிற்றுவித்த, ஜான் வைட் ஓட்டிய எஷா நெஸ். அதன் விலை 50-க்கு 1. அதன்மீது 10 பவுண்டு கட்டியவர் 500 பவுண்டு ஆதாயம் எதிர்பார்த்திருப்பார்; கிடைத்தது அந்த 10 பவுண்டு மட்டுமே. முதல் தடையிலேயே விழுந்த குதிரைமீது கட்டியவருக்கும் அதே நீதி. செல்லாத பந்தயத்தில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை என்பதே புக்கிகளின் விதி. பல ஓட்டங்களைச் சேர்த்துக் கட்டிய தொடர் பந்தயங்களில் இந்த ஓட்டத்தை மட்டும் நீக்கிவிட்டு மீதி கணக்கிடப்படும்.

இங்கே வியப்புக்குரியது சட்டத்தின் நிலை. 1845ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டப்படி பந்தய ஒப்பந்தத்தை அன்று நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாதிருந்தது. எஷா நெஸ்ஸின் வெற்றிப் பணத்தைக் கேட்டு எவரேனும் வழக்குத் தொடுத்திருந்தாலும் அது நின்றிராது. பந்தயப் பணம் வெறும் நாணயக் கடனாகவே கருதப்பட்டது. 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமே இந்நிலையை மாற்றியது. நியாயமற்ற பந்தயங்களைச் செல்லாதவையாக்கும் அதிகாரத்தைச் சூதாட்ட ஆணையத்துக்கு அளித்ததும் அதே சட்டந்தான்.