புனேயின் நீர்வண்ண நிலக்காட்சி ஓவியர்கள்

மகாராட்டிரத்தின் புனே நகரில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மராத்திய ஆட்சியாளர்களான பேஷ்வாக்கள் காலத்தில் முளைவிட்டு, இடையில் பல பத்தாண்டுகள் அறுந்து, பின்னர் பள்ளிகள் வழியாக மீண்டும் வேர்பிடித்த ஓவியத் தொழில் இது. ஆறு, மலை, கோயில், வாடா எனப்படும் பழைய முற்றத்து வீடு, சந்தைத் தெரு ஆகியவற்றை நேரில் உட்கார்ந்து வாட்டர்கலரில் தீட்டுபவர்களே இந்த ஓவியர்கள். படம் விற்ற காசில் மட்டும் குடும்பம் நடத்தியவர்கள் இவர்களில் மிகச் சிலர். பெரும்பாலோருக்குச் சோறு போட்டது கற்பிக்கும் வேலை. இவர்களுடைய வரலாற்றை ஓவியப் பாணிகளின் வரலாறாக மட்டும் எழுதினால் பாதிதான் தெரியும்; யார் சம்பளம் கொடுத்தார்கள், யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டால்தான் மீதி விளங்கும்.

கங்காராம் தாம்பட்

1786இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடென்டாக, அதாவது அரசவைத் தூதராக, புனேக்கு வந்தவர் சார்லஸ் வாரி மாலெட். முளா, முத்தா ஆறுகள் கூடும் சங்கமத்தில் அவருடைய இருப்பிடம் அமைந்தது. அரசியல் வேலைக்கு நடுவே விலங்குகள், குகைக் கோயில்கள், ஊர் வழக்கங்கள் எல்லாவற்றையும் படமாகச் சேர்த்துவைக்கும் ஆசை அவருக்கு இருந்தது. அதற்கு அவர் அமர்த்திக்கொண்ட உள்ளூர் ஓவியர் கங்காராம் சிந்தாமண் தாம்பட். செம்புப் பாத்திரம் அடிக்கும் தாம்பட் சமூகத்தின் பெயர் அவர் பெயரோடு ஒட்டியிருக்கிறது. கஸ்பா பேட்டையில் அந்தச் சமூகத்தாரின் தெரு இன்றும் இருக்கிறது, பட்டறைகளும் இருக்கின்றன.

பேஷ்வாவின் விலங்குத் தொகுப்பில் இருந்த காண்டாமிருகத்தை 1790 நவம்பரில் கங்காராம் வரைந்தார். உடற்பயிற்சி செய்யும் மல்லர்களையும் எல்லோராக் குகைகளையும் வரைந்தார். எல்லோராவில் தம் குருவின் அருகே தம்மையும் சேர்த்து அவர் வரைந்துகொண்ட படம் ஒன்று உண்டு. கூலிக்கு வரைந்த ஓர் இந்திய ஓவியர் தம்மையே படத்துக்குள் வைத்துக்கொள்வது அக்காலத்தில் அரிது. அவர் வேலையில் முதலில் பார்க்க வேண்டிய படம் அதுதான் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். எல்லோரா பற்றி மாலெட் எழுதிய கட்டுரை கல்கத்தாவின் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' இதழின் ஆறாம் தொகுதியில் கங்காராமின் வரைபடங்களோடு வெளிவந்தது.

ஸ்காட்லாந்து ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ் 1791இல் பம்பாய்க்கும் அடுத்த ஆண்டு புனேக்கும் வந்தார். இளம் பேஷ்வா சவாய் மாதவராவ், அமைச்சர் நானா பட்னவிஸ், மராத்தியத் தளபதி மகாத்ஜி சிந்தே ஆகியோரின் உருவப்படங்களை அவர் தீட்டினார். அவரும் மாலெட்டும் தந்த ஊக்கத்தில் சனிவார் வாடா அரண்மனைக்குள்ளேயே ஓர் ஓவியப் பள்ளி தொடங்கியது. கங்காராம் அதில் பயின்றார். சென்னை ஓவியப் பள்ளி 1850இல்தான் வந்தது, பம்பாயின் ஜே.ஜே. ஓவியப் பள்ளி 1857இல். அவற்றுக்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே, அதுவும் ஓர் இந்திய அரசரின் அரண்மனையில், மேற்கத்திய முறையில் படம் வரையக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்பது உரிய கவனம் பெறாத செய்தி.

பள்ளி நிலைக்கவில்லை. 1795 அக்டோபரில் மாதவராவ் அரண்மனை மாடத்திலிருந்து விழுந்து இறந்தார். அடுத்த மாதமே வேல்ஸும் காய்ச்சலில் மறைந்தார். மாலெட் தாயகம் திரும்பி, 1799இல் வேல்ஸின் மகள் சுசானாவை மணந்தார். வேல்ஸின் எல்லோரா வரைபடங்களை ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியல் லண்டனில் அச்சுப்படங்களாக வெளியிட்டார். கங்காராமின் படங்களும் மாலெட் குடும்பத்தோடு கடல் கடந்து, இன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கின்றன. ஆசிரியரும் புரவலரும் ஒருசேரப் போய்விட, அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க ஆளில்லை.

அந்தப் பள்ளிக்கு முன்பும் இந்திய ஓவியருக்கு நீர்வண்ணம் புதிதல்ல. சிற்றோவிய மரபு முழுவதும் கோந்து கலந்த நீர்வண்ணமே. ஆனால் அது அடர்த்தியாக, அடித்தாள் தெரியாமல் பூசுவது. வேல்ஸ் போன்றவர்கள் கொண்டுவந்தது காகிதத்தின் வெண்மை ஊடே தெரியும்படி மெல்லியதாகப் பரப்பும் முறை. கூடவே தூரம் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் கணக்கும் வந்தது.

ட்ராயிங் மாஸ்டரின் காலம்

1817இல் ஆங்கிலேயரோடு நடந்த கட்கிப் போரோடு பேஷ்வா ஆட்சி சரிந்தது. பிறகு புனேயை வரைந்தவர்களில் பெரும்பாலோர் வந்துபோகும் ஆங்கிலேயர்கள். ஆங்கில ராணுவ அதிகாரிகளுக்கு வாட்டர்கலர் தொழிற்பயிற்சியின் ஒரு பகுதி. நிலப்பரப்பைப் பார்த்து வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் ஊல்விச் ராணுவப் பள்ளியில் ஓவியம் பாடமாக இருந்தது. ஆங்கில நீர்வண்ண ஓவியத்தின் தந்தை என்று போற்றப்படும் பால் சாண்ட்பி, 1768 முதல் கால் நூற்றாண்டுக்கும் மேல் அங்கே ட்ராயிங் மாஸ்டராகச் சம்பளம் வாங்கியவர். அந்த நாட்டிலும் நிலக்காட்சி ஓவியரைத் தாங்கியது வகுப்பறைதான். ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர் 1874 மழைக்காலத்தில் புனேயில் தங்கிவிட்டு, அதே பயணத்தில் தெற்கே இறங்கி மாமல்லபுரம், திருச்சி, தஞ்சாவூர் வரை வந்து வரைந்துபோனார். படங்கள் அவரோடு போயின.

உள்ளூர் ஆட்களுக்கு இந்தத் தொழில் கைவந்தது ஜே.ஜே. பள்ளி வழியாகவும், அதைவிட அதிகமாகப் பள்ளிக்கூட ஓவியத் தேர்வுகள் வழியாகவும். பம்பாய் மாகாணத்தில் தொடங்கிய எலிமெண்டரி, இன்டர்மீடியட் கிரேடு தேர்வுகளை இன்று மகாராட்டிர அரசின் கலை இயக்குநரகம் நடத்துகிறது. பொருளைப் பார்த்து வரைதல், நினைவிலிருந்து வரைதல், டிசைன், வடிவியலும் எழுத்து வடிவமும் என்று தாள்கள் உண்டு. தேறியவர்களுக்குப் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண் கிடைப்பதால் ஓவியராகும் எண்ணமே இல்லாத பிள்ளைகளும் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் லோயர், ஹையர் ட்ராயிங் தேர்வு எழுதியவர்களுக்கு இதன் சாயல் புரியும். ஆனால் மகாராட்டிரத்தில் இது வீடுதோறும் பரவியது. அதன் பயன் இரண்டு வகை. ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஓவிய ஆசிரியருக்கு வேலை உறுதியானது. வாட்டர்கலர் என்றால் என்ன, அது ஏன் கடினம் என்று கொஞ்சமேனும் அறிந்த பெரும் கூட்டம் உருவானது. படம் பார்க்க வருகிறவர் சிறுவயதில் தாமே தூரிகை பிடித்தவர் என்றால் ஓவியருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பம்பாய் தந்த முன்மாதிரியும் உண்டு. சாவந்த்வாடியில் 1882இல் பிறந்த எஸ்.எல். ஹல்தண்கர் 1908இல் பம்பாயில் சொந்தமாக ஓவியப் பயிற்சிக் கூடம் திறந்தார். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் கையில் விளக்கேந்தி நிற்கும் பெண்ணின் படத்தைப் பார்த்துப் பலர் எண்ணெய் வண்ணம் என்றே நினைக்கிறார்கள். அது அவருடைய நீர்வண்ணம். அரசு வேலையை நம்பாமல் தாமே வகுப்பு நடத்தி வாழ முடியும் என்று அவர் காட்டினார். புனேயில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தது பாரதீய கலா பிரசாரிணி சபா நடத்தும் அபினவ் கலா மகாவித்யாலயா. அங்கே படித்துவிட்டு ஓவிய ஆசிரியராகப் போனவர்களின் கை மகாராட்டிரத்தின் எத்தனையோ பள்ளிகளில் பதிந்திருக்கிறது.

மற்ற வருமானங்கள்

வகுப்பு முடிந்த பிறகும் வேலை இருந்தது, முதலில் சினிமாவில். கோலாப்பூரில் ஓவியரும் திரைப்பட இயக்குநருமான பாபுராவ் பெயின்டரிடம் திரைச்சீலையும் அரங்கமும் தீட்டக் கற்ற எஸ். பத்தேலால், 1933இல் பிரபாத் பிலிம் கம்பெனி புனேக்கு இடம்பெயர்ந்தபோது அதன் பங்காளிகளில் ஒருவராக வந்தார். 1936இன் 'சந்த் துக்காராம்' படத்தைச் சக பங்காளி தாம்லேயோடு சேர்ந்து இயக்கியவர் இந்த ஓவியர்தான். பிரபாத் வளாகம் இன்று திரைப்படக் கல்லூரி.

தீபாவளி மலர் இன்னொரு தாங்கல். 1909இல் 'மனோரஞ்சன்' இதழ் தொடங்கிவைத்த மராத்தி தீபாவளி இதழ்கள் தீனாநாத் தலால், ரகுவீர் முளகாவ்கர் போன்றோரின் அட்டைப்படங்களால் வீடுகளுக்குள் போயின. நம் விகடனும் கல்கியும் ஓவியர்கள் சில்பிக்கும் மணியத்துக்கும் செய்ததை அங்கே இந்த மலர்கள் செய்தன.

கட்டடக் கலைஞர்களுக்கு வரைந்து கொடுக்கும் வேலை அதிகம் பேசப்படுவதில்லை. கட்டி முடிக்காத வீட்டை, முன்னால் மரமும் காரும் மனிதர்களும் நிற்க, வாட்டர்கலரில் கண்முன் நிறுத்த வேண்டும். பெல்காமில் ஓவியர் கே.பி. குல்கர்ணியிடம் பயின்று, பின் புனேயில் குடியேறி 2022இல் மறைந்த ரவி பராஞ்ஜபே இதில் பெயர் பெற்றவர். விளம்பரத் துறையிலும் நைரோபியிலும் பணியாற்றியவர், பிற்காலத்தில் புனேயில் இளையவர்களுக்கு வழிகாட்டினார். நேர்கோடு பிசகாத பெர்ஸ்பெக்டிவ், கண்ணாடியில் விழும் வானத்தின் நிழல் எல்லாம் இந்தக் கூலி வேலையில் பழகிய கையிலிருந்து நிலக்காட்சிக்குள் வந்தவை. கணினி வந்தபின் இந்த வருமானம் வற்றிப்போனது.

ஊர், பருவம், காகிதம்

புனே கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில், சகியாத்ரி மலையின் மழைமறைவுப் பக்கம் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் காற்று அவ்வளவு வறண்டிருப்பதால் வானத்துக்குப் போட்ட வாஷ் (மெல்லிய வண்ணப் பரப்பு) பாதி வருவதற்குள் மேல்பகுதி காய்ந்து கோடு விழும். ஜூலையில் நேர்மாறு, காகிதம் காயவே காயாது. அதனால் வெளியே உட்கார்ந்து வரைய நல்ல காலம் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. மழைக்காலத்தை விரும்பித் தேர்கிறவர்களும் உண்டு. ஈரத்தின்மேல் ஈரம் வைத்து மலையை மூடுபனிக்குள் கரைப்பதற்கு அதைவிட ஏற்ற பருவம் இல்லை.

செயல்விளக்க வகுப்பு ஒன்றில் நடப்பது இது. 300 ஜிஎஸ்எம் காகிதத்தைப் பலகையில் டேப் ஒட்டி, மேல்முனை சற்று உயரும்படி சாய்த்துவைக்கிறார் ஆசிரியர். பென்சில் கோடு பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இல்லை. பெரிய தூரிகையில் வண்ணம் நிறைய எடுத்து இடமிருந்து வலமாக இழுக்கிறார். கோட்டின் அடியில் வண்ணநீர் மணிபோல் திரண்டு நிற்கிறது, அடுத்த இழுப்பில் அதைக் கீழே இறக்குகிறார். வெயில்படும் சுவரைத் தொடுவதே இல்லை. அங்கே காகிதம்தான் வெயில். ஈரத்தின் பளபளப்பு மங்கும் கணம் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்து, பிறகு தூரத்து மரத்தை ஒரே தொடுதலில் வைக்கிறார். கடைசியில் அல்ட்ராமெரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் குழைத்த சாம்பலால் நிழல் முழுவதையும் ஒரே மூச்சில் இணைக்கிறார். தக்காணத்தின் பசால்ட் கல்லால் கட்டிய படித்துறைக்கும் கோயில் மதிலுக்கும் அந்தச் சாம்பல் அப்படியே பொருந்துகிறது. சுற்றி நிற்கும் மாணவர்கள் அந்தக் காத்திருப்பைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். புத்தகத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாதது அது.

பொருள்களும் பக்கத்திலேயே கிடைத்தன. கே.பி. ஜோஷி 1940இல் நிறுவிய கைக்காகித நிலையம் புனேயிலேயே உண்டு. தாண்டேகர் குடும்பம் 1931இல் பம்பாயில் தொடங்கிய கேம்லின் நிறுவனத்தின் கேமல் வண்ணப்பெட்டி தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. வரைய இடத்துக்கும் பஞ்சமில்லை: ஓங்காரேஷ்வர் கோயில், துளசிபாக், 1886இல் திறந்த மண்டய் சந்தையின் கூரை, பர்வதி மலைப்படிகள், சிங்ககட் சாலை, கொஞ்சம் வெளியே போனால் வாய் ஊரின் கிருஷ்ணா படித்துறைகள். 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து வந்த வெள்ளம் ஆற்றோரத்துப் பழைய வீடுகள் பலவற்றைக் கொண்டுபோனது. மிஞ்சிய வாடாக்களை அடுக்குமாடிகள் எடுத்துக்கொண்டு வருகின்றன. சில தெருக்களுக்கு இந்த ஓவியர்களின் படமே கடைசிப் பதிவாகிவிடும்.

மிலிந்த் முளிக்

இன்று இந்தத் தொழிலின் மிக அறியப்பட்ட முகம் மிலிந்த் முளிக். தந்தை பிரதாப் முளிக், அமர் சித்திரக் கதை நூல்களுக்கு வரைந்தவர். அமிதாப் பச்சனை நாயகனாக்கிய 'சுப்ரீமோ' காமிக்ஸும் அவர் கைவண்ணமே. பொறியியல் படித்த மகன் வேலைக்குப் போகாமல் தூரிகையை எடுத்தார். ஈரத்தெரு, வெயிலும் நிழலும் கோடுபோடும் சந்து, மரத்தடியில் நிற்கும் சைக்கிள் என்று அன்றாடம் கடந்துபோகும் காட்சிகளே அவருக்குப் பொருள்.

அவருடைய பெரிய கொடை நூல்கள் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. வாட்டர்கலர், பெர்ஸ்பெக்டிவ், படிப்படியான நிலக்காட்சி, ஸ்கெட்ச்புக் என்று புனேயின் ஜ்யோத்ஸ்னா பிரகாஷன் வெளியிட்ட அவருடைய புத்தகங்கள் இந்திய வெயிலையும் இந்தியத் தெருவையும் வைத்தே பாடம் சொல்கின்றன. அதுவரை மாணவர்களுக்குக் கிடைத்த ஆங்கிலக் கையேடுகளில் இருந்தவை பனிமூடிய கிராமங்களும் படகுத்துறைகளும்தான். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ ஆசிரியர் இல்லாமல் வாட்டர்கலர் பழகும் ஒருவருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று பயின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நீர்வண்ணத்தில் வெள்ளையைத் தொடக்கூடாது, காகிதமே வெள்ளை என்பது ஆங்கிலப் பள்ளி விட்டுச்சென்ற கண்டிப்பு. பல ஆசிரியர்கள் இன்றும் அதை விதியாகவே சொல்கிறார்கள். முளிக்கோ ஒளிபுகா வண்ணத்துக்கென்றே தனி நூல் எழுதியிருக்கிறார். அதில் ஒளிபுகா வெள்ளையும் அடர்ந்த மஞ்சளும் தாராளமாகப் புழங்குகின்றன.