கறிவேப்பிலை, கல்நத்தை, கணவாய்

போன மாதம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நண்பன் ஒருவன் கேட்டான். "குரங்குலேர்ந்துதான் மனுஷன் வந்தான்னா, இப்ப இருக்குற குரங்கு ஏன்டா இன்னும் குரங்காவே இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குப் பதில் தெரியவில்லை. தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன்தான் நான். எதற்காக அப்படிப் பிரிக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வெட்கமாகப் போய்விட்டது. பிறகு தேடிப் படித்தேன். பதிலில் பாதி நம்ம ஊர்ப் பக்கமே கிடக்கிறது நண்பர்களே!

உயிர்களைப் பிரித்து வைப்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பிய மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை ஒரு வரிசை உண்டு. புல்லும் மரமும் ஓரறிவு, நத்தையும் சிப்பியும் ஈரறிவு, எறும்பு மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு. புலன்களை வைத்துப் பிரித்த அருமையான முறை. ஆனால் இது யாருக்கு யார் சொந்தம் என்று சொல்வதில்லை. எறும்புக்கும் தும்பிக்கும் ஆறு கால்கள், இரண்டும் பூச்சிகள். இந்த வரிசையில் அவை தனித்தனி. தும்பி நண்டோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஸ்வீடனின் லின்னேயஸும் உறவு பார்த்துப் பிரித்தவர் அல்ல. பூவில் எத்தனை மகரந்தத் தாள்கள் என்று எண்ணிச் செடிகளைப் பிரித்தார். 1753-ல் தாவரங்களுக்கு இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்தினார். அவருடைய மாணவர் யோஹான் கோனிக் 1768-ல் டேனிஷ் மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார். இங்கே செடிகளைச் சேகரித்துக் குருவுக்கு அனுப்பினார். தினமும் ரசத்தில் போடும் கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் 1771-ல் வைத்த பெயர் 'பெர்கெரா கோனிகி'. கோனிக் என்ற பெயர் நம் சமையலறைக்குள் வந்தது இப்படித்தான்!

சரி, உறவு எங்கே வந்தது? அதற்கு அரியலூர் பக்கம் போக வேண்டும்.

இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் பல இடங்கள் ஒரு காலத்தில் கடல். காரை கிராமத்துப் பக்கம் உள்ள ஓடைகளில் சுருண்ட கல்நத்தைகள் கிடைக்கும். பார்க்க நத்தை மாதிரி இருந்தாலும் அது நத்தை அல்ல. அம்மோனைட் என்ற கடல் உயிரி. பூஜை அறையில் வைக்கும் சாளக்கிராமத்துக்குள் இருக்கும் சுருளும் இதேதான். 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் இவற்றைச் சேகரித்தார்கள். லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846-ல் அறிக்கை வெளியிட்டார். ஐரோப்பாவின் கிரிடேசியஸ் காலப் பாறைகளில் கிடைப்பவற்றோடு இவை ஒத்துப்போயின.

1859-ல் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது. அதன் முதல் பதிப்பின் பத்தாவது அத்தியாயத்தில், ஐரோப்பியச் சுண்ணப் பாறைக் காலத்து உயிர்களின் சாயல் தெரியும் தூர தேசங்களைப் பட்டியலிடுகிறார். அதில் இந்தியத் தீபகற்பமும் உண்டு! எல்லா இடத்திலும் ஒரே சிற்றினங்கள் இல்லை, ஆனால் அதே பேரினங்கள், அதே குடும்பங்கள். உலகம் முழுவதும் உயிர்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில் மாறி வந்திருக்கின்றன. பழையவற்றிலிருந்து புதியவை கிளைத்துப் பரவின என்றால்தான் இது புரியும் என்றார் டார்வின். வகைப்பாடு என்பது வெறும் பட்டியல் அல்ல, அது வம்சாவளி என்றும் அதே புத்தகத்தில் வாதிட்டார்.

அந்த நேரத்தில் பிளான்ஃபோர்ட் இங்கே பாறை அடுக்குகளை வரைந்துகொண்டிருந்தார். ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று கீழிருந்து மேலாக மூன்று பிரிவுகள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ஸ்டோலிக்கா அவற்றில் கிடைத்த உயிர்களை 1860-களில் ஒவ்வொன்றாக விவரித்தார். அடுக்கு மாற மாற அம்மோனைட் இனங்களும் மாறுகின்றன. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு அவையும் அழிந்தன.

இப்போது நம்ம மாவட்டத்துக்கு வாருங்கள். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கரைக்கு வருகிற கணவாய், அம்மோனைட்டின் உறவு. கணவாய்க்கு வெளியே ஓடு இல்லையே என்பீர்கள். உள்ளே இருக்கிறது. சித்த மருந்துக் கடையில் 'கடல்நுரை' என்று விற்கும் வெள்ளைக் கட்டி அதுதான். உடைத்துப் பார்த்தால் அறை அறையாக இருக்கும். மூதாதையரின் வெளி ஓடு உடம்புக்குள் போய்விட்டதன் மிச்சம்.

இன்னொரு வேடிக்கை. இன்றும் கடலில் வாழும் நாட்டிலஸ், சுருள் ஓட்டோடு அச்சு அசல் அம்மோனைட் மாதிரியே இருக்கும். ஆனால் அம்மோனைட்டுக்கு நெருங்கிய சொந்தம் நாட்டிலஸ் அல்ல, கணவாய்! கணவாய் வந்துவிட்டது என்பதற்காக நாட்டிலஸ் காணாமல் போகவும் இல்லை. இரண்டும் ஒரே மூதாதையின் வேறு வேறு கிளைகள்.

என் நண்பனுக்குப் பதிலும் இதுதான். இன்றைய குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. சித்தப்பா மகன் ஏன் இன்னும் நானாக மாறவில்லை என்று யாராவது கேட்போமா?

2023-ல் மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமம் நீக்கப்பட்டது. 1800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பத்தாவதுக்குப் பிறகு உயிரியல் எடுக்காத பிள்ளை இதை வேறு எங்கே படிக்கும்? பாடம் இருந்தும் மனப்பாடம் செய்து கடந்துபோன என்னைப் போன்றவர்களும் யோசிக்க வேண்டும்.

கறிவேப்பிலையின் கதையும் முடியவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அதை 'முர்ராயா' பேரினத்துக்கு மாற்றினார்கள். இப்போது மரபணுவைப் பார்த்து உறவைச் சரிபார்த்த பிறகு, பல தாவரவியலாளர்கள் மறுபடி 'பெர்கெரா' என்கிறார்கள். சொந்தம் தெரியத் தெரியப் பெயரும் மாறுகிறது.

அடுத்த முறை சாப்பாட்டில் கறிவேப்பிலையை எடுத்து ஓரமாக வைக்கும்போது ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள் நண்பர்களே.