பழைய தமிழ்ப் படங்கள்: மூல வடிவமும் ரசிகர் காப்பும்

ஒரு படம் வெளியான நாளில் எந்த நீளத்தில், எந்த ஒலியுடன், எந்தத் திரை அளவில் ஓடியதோ அதே வடிவில் அதைக் காத்துவைக்க ரசிகர்களும் சேகரிப்பாளர்களும் செய்த வேலையைப் பற்றியது இக்கட்டுரை. தமிழில் இந்தக் காப்பு, படச்சுருளைவிடக் காகிதத்தையும் இசைத்தட்டையும் சார்ந்தே வளர்ந்தது. நெகட்டிவ் லேபிலும் பிரிண்ட் விநியோகஸ்தரிடமும் இருந்தன. ரசிகன் கையில் இருந்தது பாட்டுப் புத்தகம்தான்.

இழப்பு தொடக்கத்திலேயே நேர்ந்தது. நடராஜ முதலியாரின் மௌனப்படம் ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான ‘காளிதாஸ்’ படத்துக்கும் பிரதி கிடையாது. அக்காலச் சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், வைத்த இடத்திலேயே மக்கிப் பொடியாகும். ஓடி முடித்த பிரிண்டை வெள்ளிக்காக உருக்குவதும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964இல்தான். அங்கும் 2003 ஜனவரியில் நேர்ந்த தீ விபத்தில் நைட்ரேட் சுருள்கள் எரிந்துபோயின.

தப்பிய பிரிண்டும் முழுசாக இருந்ததில்லை. இதற்குத் திண்டுக்கல் வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டு. 1985 வரை இது மதுரை மாவட்டத்தில் இருந்தது. பட வியாபாரத்தில் மதுரை–ராமநாதபுரம் சேர்ந்தது ‘எம்.ஆர். ஏரியா’. படப்பெட்டி முதலில் மதுரைக்கு வரும். பிறகு திண்டுக்கல் போன்ற ஊர்களுக்குச் செல்லும். கடைசியாகச் சிறுமலை அடிவாரத்துச் சிற்றூர்க் கொட்டகைகளுக்குப் போகும். ஒவ்வோர் இடத்திலும் சுருள் அறும். ஆபரேட்டர் கிழிந்த பகுதியை வெட்டி, ‘சிமென்ட்’ எனப்படும் பசை தடவி ஒட்டுவார். இரண்டாம் ஆட்டம் நேரமாகிவிட்டால் ஒரு பாட்டையே தாண்டிவிடுவார். இப்படிச் சுற்றி முடித்த பிரிண்டில் கீறல்கள் மழையாகப் பெய்தன. பாதி வசனம் காணாமல் போயிருந்தது. படத்தைப் பலமுறை பார்த்தவனுக்கு மட்டுமே எது போயிற்று என்று தெரியும்; கொட்டகையில் எழுந்த கூச்சலை ஒருவகைப் பிரதி ஒப்பீடு என்றே சொல்லலாம்.

மூல நீளத்துக்கு உறுதியான சான்று தணிக்கைச் சான்றிதழ். ‘நாடோடி மன்னன்’ (1958) 19,830 அடி, ஏறத்தாழ மூன்று மணி நாற்பது நிமிடம். கறுப்பு–வெள்ளையில் தொடங்கிப் பின்பகுதியில் வண்ணத்துக்கு மாறும். கையில் கிடைக்கும் பிரதி அதைவிடக் குறைவாக ஓடினால் வெட்டு விழுந்திருக்கிறது என்று பொருள். பாட்டுப் புத்தகம் இன்னொரு சான்று: கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், பாடல் வரிசை எல்லாம் அதில் இருக்கும். இசைத்தட்டு கவனமாகக் கையாள வேண்டிய சாட்சி. 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும் என்பதால் படத்தில் நீண்ட பாட்டு தட்டில் குறுகியிருக்கும். ஆயினும் அழிந்துபோன படங்களின் குரல்களை நம் காதுவரை கொண்டுவந்தவை அந்தத் தட்டுகளே.

சேகரிப்பாளர்களில் முதன்மையானவர் ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன். புகைப்பட ஆர்வத்தோடு திரையுலகுக்குள் வந்தவர், ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு மக்கள் தொடர்பாளரானார். அவர் சேர்த்த படங்களையும் தகவல்களையும் தமிழக அரசு விலைக்கு வாங்கியது. 2016 மார்ச்சில் அவர் மறைந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்தவை நூல்களோடு நிற்கவில்லை. சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் அவற்றில் இருந்தன. அவர் 1992இல் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்க, அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. தேடினால் படம் கிடைக்காது, படத்தைப் பற்றிய எல்லாம் கிடைக்கும் என்ற விசித்திர நிலை இப்படித்தான் உருவானது.

படத்தையே திரைக்கு மீட்கும் முயற்சியும் நடந்தது: 2012 மார்ச் 16 அன்று ‘கர்ணன்’ (1964) டிஜிட்டலில் மறுவெளியீடானது. சேதமடைந்த சுருளையும் ஒலியையும் சீர்செய்ய மூன்றாண்டுகளும் சுமார் ரூ. 40 லட்சமும் ஆனதாகச் செய்திகள் வந்தன. படம் சென்னையில் நூறு நாளைத் தாண்டியது. மதுரைத் திரையரங்குகளில் மாலையும் பாலபிஷேகமும் திரும்பின. அதே ஆண்டு ‘திருவிளையாடல்’, 2013இல் ‘பாசமலர்’, 2014இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’, 2015இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எனத் தொடர்ந்தன.

இவற்றை மீட்பு என்று சொல்வது பாதி உண்மையே. ‘திருவிளையாடல்’ சினிமாஸ்கோப்பாக மாற்றப்பட்டு வந்தது. சதுரத்துக்கு நெருங்கிய பழைய சட்டகத்தை அகலம் குறையாமல் ஸ்கோப் திரையில் நிரப்பினால் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். நாட்டியக் காட்சியில் காலோ கிரீடமோ தப்பாது. ஒற்றைத் தட ஒலியை ஆறு தடமாக விரிக்கும்போதும் இதே கேள்வி எழுகிறது. புதுத் தலைமுறையைத் திரையரங்குக்கு அழைத்துவர இது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் பழைய வடிவை ஒரு பிரதியாகத் தனியே வைத்துக்கொண்டுதான் இதைச் செய்திருக்க வேண்டும்.

பழைய வடிவைப் படியெடுக்க உரிமைத் தடையும் விலகி வருகிறது. இந்தியச் சட்டப்படி படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள் நீடிக்கும். ஆகவே 1964இல் வந்த படங்கள் 2025 ஜனவரியிலிருந்து பொதுவுடைமை. உரிமைக்காரர் இசைவின்றியே இனி யாரும் அவற்றைப் படியெடுக்கலாம். படியெடுக்க நல்ல நெகட்டிவ் எங்கே இருக்கிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.