டவுன்ஹால் மைதானத்துப் பிள்ளையார்

திருச்சியில் நாலு வருஷம் படித்த நம்மில் உச்சிப்பிள்ளையாரைத் தெரியாதவர் கிடையாது. அதே ஊர் டவுன்ஹால் மைதானத்தில் உடைபட்ட ஒரு மண் பிள்ளையார் உச்ச நீதிமன்றம் வரை போன கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

1953 மே 27, புத்தர் பிறந்த நாள். முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அன்று மாலை பொதுமக்கள் முன்னிலையில் பெரியார் மண் பிள்ளையாரை உடைத்தார். உருவ வழிபாட்டை எதிர்ப்பது அவர் கொள்கை. மனம் புண்பட்ட ஒருவர் தண்டனைச் சட்டம் 295, 295ஏ பிரிவுகளில் புகார் கொடுத்தார். மாஜிஸ்திரேட் தள்ளிவிட்டார். பிரதிஷ்டை செய்த சிலை இல்லையே, வெறும் மண் உருவம்தானே என்றார். செஷன்ஸ் கோர்ட்டும் சென்னை உயர் நீதிமன்றமும் புகாரை ஏற்கவில்லை. உடைத்தவரின் சொந்தப் பொருள்தானே என்றும் ஒரு காரணம் சொல்லப்பட்டது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனா நம்ம வீட்டு வழக்கத்தை யோசிச்சுப் பாருங்க. ஒரு பிடி மஞ்சளில் அருகம்புல்லைச் செருகினால் அது பிள்ளையார். சதுர்த்திக்குக் கடைத்தெருவில் வாங்கிய களிமண் உருவம் பூஜை முடிந்து கிணற்றில் கரைகிறது. அதற்கு எந்தக் குருக்கள் வந்து பிரதிஷ்டை செய்தார்? கீழ்க் கோர்ட்டுகள் மண்ணை அளந்தன, கும்பிடுகிறவன் மனசை அளக்கவில்லை.

1958 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. எவ்வளவு அற்பமான பொருளானாலும் ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதினால் அது புனிதப் பொருளே. அந்த நம்பிக்கை அறிவுக்குப் பொருந்துகிறதா, நீதிபதிக்கு அதில் உடன்பாடா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. ஆனாலும் ஐந்து வருஷம் ஓடிவிட்டதால் மேல் விசாரணைக்கு உத்தரவிடவில்லை. எதிர்த்தரப்பு அங்கே ஆஜராகவே இல்லை.

தீர்ப்பு சரி என்பதே என் கட்சி. ஆனால் பேச்சுக்கும் எழுத்துக்கும் இதே அளவுகோலை மட்டும் வைத்தால், நட்ட கல்லைக் கேலி செய்த சித்தர்களே தப்ப முடியாது! புண்பட்டேன் என்று யாரும் சொல்லலாமே. அதற்கு 1957-லேயே ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வேலி போட்டிருந்தது. வேண்டுமென்றே, வன்மத்தோடு செய்த அவமதிப்பு மட்டுமே 295ஏ-யில் குற்றம். அறியாமலோ கவனக்குறைவாகவோ சொன்னது சேராது.

பெரியார் 1973 டிசம்பரில் மறையும் வரை கடவுள் மறுப்பைப் பேசிக்கொண்டுதான் இருந்தார். 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா அமலானபோது அந்த இரண்டு பிரிவுகளின் எண்கள் 298, 299 என்று மாறின. ‘வேண்டுமென்றே, வன்மத்தோடு’ என்ற நிபந்தனையை யாரும் எடுக்கவில்லை.