சன்னலோரத்தில் எழுதியவர்



தொலைநோக்கி என்றதும் அதன் முனையில் கண்ணை வைத்துத் தனியே நிற்கும் ஒரு மனிதரே நம் மனக்கண்ணில் தோன்றுகிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த தொலைநோக்கியின் அருகிலோ இருவர் இருந்தனர். அவ்விருவருள் அதிகம் பேசப்படாதவரைக் குறித்தே இவ்வாரம் எழுத விரும்புகிறேன்.

ஜெர்மனியின் ஹானோவரில் 1738-இல் பிறந்த வில்லியம் ஹெர்ஷெல், இங்கிலாந்தின் பாத் நகரில் ஆக்டகன் சிற்றாலயத்தில் ஆர்கன் வாசித்து வந்தவர். (ஆலயத்தின் இசைப்பீடத்திலிருந்து எழுந்துபோய் வானத்தை அளந்தவர் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.) 1772-இல் அவர் தம் தங்கை கரோலினைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். சிறுவயதில் கண்ட டைஃபஸ் காய்ச்சலால் வளர்ச்சி தடைப்பட்டு, கரோலின் நாலேகால் அடி உயரமே இருந்தார். இவள் வீட்டு வேலைக்கே ஏற்றவள் என்று தாயார் தீர்மானித்திருந்தார். அண்ணனிடம் இசை பயின்ற பின்போ, ஹாண்டலின் பெரும் இசைக்கோவைகளில் தனிக்குரலாகப் பாடும் அளவுக்கு அவர் உயர்ந்தார்.

தொலைநோக்கியின் வேலை பெரிதாக்கிக் காட்டுவதே என்று பலரும் எண்ணுகிறோம். அதற்கும் முந்தைய வேலை ஒளியைச் சேர்ப்பது. மழைக்கு முற்றத்தில் வைத்த அண்டா, தம்ளரைவிட அதிக நீரைப் பிடிக்கிறதல்லவா? இருளில் நம் கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் விரிகிறது. ஓர் அடி அகலமுள்ள குழியாடியோ அதைப்போல் சுமார் 1,900 மடங்கு ஒளியைத் தன்மேல் வாங்குகிறது. மங்கலான விண்பொருள்களைக் காண வேண்டுமானால் ஆடி அகலமாக வேண்டும். அக்காலத்தில் அதைச் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்து, கையாலேயே தேய்த்து மெருகேற்றினர். வார்ப்பு அச்சுக்கான குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்தவர் கரோலின். ஒருமுறை 16 மணி நேரம் ஆடியிலிருந்து கையை எடுக்காமல் தேய்த்த அண்ணனுக்கு உணவை வாயில் ஊட்டியவரும் அவரே. 1781-இல் ஒரு வார்ப்பின்போது உருகிய உலோகம் ஒழுகி, தரையின் கற்பலகைகள் வெடித்துக் கூரைவரை தெறித்தன.

அதே 1781, மார்ச் 13 இரவில் வில்லியம் கண்ட ஒளிப்பொருளை நாம் இன்று யுரேனஸ் என்கிறோம். 1690-இலேயே பிளாம்ஸ்டீட் என்ற வானியலாளர் அதைப் பார்த்து, விண்மீன் என்று பட்டியலில் எழுதிவிட்டார். ஹெர்ஷெலின் ஆடியில் அது புள்ளியாக அல்லாமல் சிறு வட்டமாகத் தெரிந்தது. அவரும் முதலில் வால்நட்சத்திரம் என்றே நினைத்தார். மன்னர் ஆண்டுக்கு 200 பவுன் வழங்கவே, இசைத்தொழிலை விட்டார். அத்துடன் தங்கையின் பாடலும் முடிந்தது. அண்ணனுக்கு விடுதலையானது தங்கைக்கு இழப்பாயிற்று என்பதைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர்.

அதன்பின் தொடங்கியது இரவுப்பணி. 20 அடி நீளத் தொலைநோக்கியின் மேடையில் வில்லியம் நின்றார். விளக்கொளியை ஒருமுறை நோக்கினாலும் இருளுக்குப் பழகிய கண் கெட்டுவிடும். மீண்டும் பழக அரைமணி நேரம்கூட ஆகலாம். ஆகவே அவர் கண்டதை உரக்கச் சொல்ல, சன்னலருகே கடிகாரத்துடனும் விண்மீன் பட்டியலுடனும் அமர்ந்திருந்த கரோலின் எழுதினார். இவ்வாறு சேர்ந்தவையே சுமார் 2,500 நெபுலாக்களும் விண்மீன் கூட்டங்களும் அடங்கிய பட்டியல்கள்.

1783-ஆம் ஆண்டின் கடைசி இரவில், பனி மூடிய தரையில் இருளில் ஓடிய கரோலின், கருவியின் இரும்புக் கொக்கியில் விழுந்தார். அது தொடைக்குள் பாய்ந்தது. விடுவித்தபோது சதை கொக்கியிலேயே தங்கிவிட்டது. அன்றிரவு வானம் மூடிக்கொண்டதால் அண்ணனின் பணிக்கு நட்டமில்லை என்பதே தமக்கு ஆறுதல் என்று பின்னாளில் அவர் எழுதினார். இதைத் தியாகம் என்று உடனே போற்ற எனக்கு மனம் வரவில்லை. தம் வலியை இவ்வளவு குறைவாக மதிக்க அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்றே கேட்கத் தோன்றுகிறது.

1786 ஆகஸ்டில் அண்ணன் வெளிநாட்டில் இருந்தபோது அவர் தாமே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார். மறு ஆண்டு மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் நியமித்தார். அண்ணனின் புகழ்பெற்ற 40 அடித் தொலைநோக்கி 1789-இல் நிறைவுற்றது. காண வந்தோர் வியந்தனர். ஆயினும் அதைக் கையாள்வது கடினம், ஆடியும் எளிதில் மங்கியது. பெரும்பணி செய்தது பழைய 20 அடிக் கருவிதான்.

1822-இல் வில்லியம் மறைந்தபின், 72 வயதில் கரோலின் ஹானோவர் திரும்பினார். அங்கே வீட்டுக்கூரைகள் வானத்தை மறைத்தன. ஆகவே அவர் மேசையில் அமர்ந்து, அண்ணன் கண்ட நெபுலாக்கள் அனைத்தையும் வானப் பகுதிவாரியாக மீண்டும் வரிசைப்படுத்தி எழுதினார். அதற்காக 1828-இல் லண்டன் வானியல் சங்கம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. அண்ணன் மகன் ஜான், அத்தையின் கையெழுத்துப் பட்டியலைத் துணைகொண்டு தந்தையார் கண்டவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் பார்த்து, 1833-இல் வெளியிட்டார்.